எழுத்து வார்த்த கொல்லர் பஞ்சானன கர்மகாரர்

சென்ற வைகாசித் திங்களில் ஒருநாள் மாலை, விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் உள்ள நமது இல்லத்திற்கு நம்மவர் ஒருவர் தம் மகனுடன் வந்தனர். அவர் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர். கலப்பைக் கொழுவும் கடப்பாரையும் காய்ச்சி அடித்த குடும்பத்திற் பிறந்து, இப்போது இரும்புக் கதவும் சன்னற் கம்பியும் வெல்டிங் வைத்துச் செய்து கொடுப்பவர். மகன் நம்மிடம் தமிழ் பயின்று பத்தாம் வகுப்புத் தேறியவன். அவன் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திற் புகுந்து, உலோக அச்சுக்கருவி செய்யுந் தொழிலைக் கற்க விழைந்தான். தந்தைக்கோ அதில் சிறிதும் உடன்பாடில்லை. தீப்பொறி பட்டுப் புண்ணான தம் முன்கைகளை நம்முன் நீட்டிக் காட்டி, இந்தச் சம்மட்டி தம்மோடு ஒழியட்டும் என்றும், மகன் எழுத்துப் படித்து நாற்காலியில் அமரட்டும் என்றும், அதற்கு ஐயாதான் அவனுக்கு நல்லுரை சொல்லவேண்டும் என்றும் வேண்டினர்.

நமக்கு உடனே விடை கூற நா எழவில்லை. நம் தந்தையாரும் உலைக்களத்தில் நின்றவரே. நாம் துருத்தியை விட்டு ஏட்டைப் பற்றியவர். நாம் செய்ததையே பிறன் மகன் செய்யற்க என்று எங்ஙனம் உரைப்பது? எனினும் அப்பெரியவர் எழுத்து வேறு, இரும்பு வேறு என்று பிரித்த பிரிவு நம் உள்ளத்தை உறுத்திற்று. ஆகலின் அவ்விருவரையும் திண்ணையில் அமர்த்தி, எழுத்தையும் இரும்பையும் ஒன்றுபடுத்திய ஒரு பெருந்தகையின் வரலாற்றைக் கூறினோம். அதனையே நம் சங்கத்து அன்பர்கள் பொருட்டு ஈண்டு எழுதுகின்றோம்.

அப்பெருந்தகையின் பெயர் பஞ்சானன கர்மகாரர் என்பது. பஞ்சானனன் என்பது ஐம்முகனாகிய சிவபெருமானைக் குறிக்கும் பெயர். கர்மகாரர் என்பது வங்காள நாட்டில் கொல்லர் குலத்தார்க்கு வழங்கும் பட்டம். அந்நாட்டில் ஊக்ளி ஆற்றங்கரையிலுள்ள திரிவேணி என்னும் ஊரினர் அவர். அவர்தம் முன்னோர் செப்புத் தகட்டிலும், படைக்கலத்திலும், உலோகக் கலத்திலும் பெயரும் பூவேலையும் செதுக்குவதில் வல்லுநராய் விளங்கினர். எனவே இரும்பின் பதமும் எழுத்தின் வடிவும் ஒருங்கே பழகிய குடியில் அவர் தோன்றினர் என்க.

அவர் வரலாற்றைக் கூறுமுன், நம் தமிழுக்கும் ஒரு கொல்லர் செய்த உதவியை நினைத்தல் தகும். இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்செழுத்துப் பெற்றது நம் தமிழே. கி. பி. 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் சிறு நூல் அச்சேறிற்று. அதற்கு முந்திய ஆண்டில் கோவையில், அதாவது போர்த்துக்கேசியரின் கோவாவில், தமிழ் எழுத்துக்களை முதலில் வார்க்க முயன்றவர் ஜோவான் கொன்சால்வசு என்னும் இசுப்பானிய நாட்டவர். அவரும் கொல்லுத் தொழில் அறிந்தவரே. பின்னர்த் தரங்கம்பாடியில் 1713-ஐ ஒட்டித் தமிழ் அச்சுக்கூடம் எழுந்தது. செருமனியிலிருந்து வந்த எழுத்துக்கள் மிகப் பெரியனவாய்த் தாளை விழுங்கினமையால், அண்மையிலுள்ள பொறையாற்றிலேயே சிற்றெழுத்துக்கள் வார்க்கப்பட்டன. புலவர் பாடிய பாட்டு ஏட்டில் நிற்கும். அவ்வேடு ஆயிரம் வீடு புகவேண்டுமாயின் உலைக்களத்தின் துணை வேண்டும் என்பது இதனாற் போதரும்.

நிற்க. வங்காள மொழிக்கு அத்தகைய பேறு நெடுங்காலம் வாய்க்கவில்லை. கிழக்கிந்தியக் கும்பினியார் அந்நாட்டு ஆட்சியைக் கைக்கொண்ட பின்னர், அங்கு வரும் ஆங்கிலேய உத்தியோகத்தர் நாட்டு மொழி கற்கவேண்டிய கட்டாயம் நேர்ந்தது. இலண்டன் மாநகரில் வில்லியம் போல்ட்சு என்பார் வங்க எழுத்து வார்ப்பிக்க முயன்றும் அம்முயற்சி நிறைவேறவில்லை. அதன்பின் நதேனியல் ஆல்கெட்டு என்னும் இளைஞர் வங்கமொழி இலக்கணம் ஒன்று எழுதி முடித்தனர். இலக்கணம் ஆங்கிலத்தில் இருப்பினும், எடுத்துக்காட்டுக்கள் வங்க எழுத்திலேயே இருத்தல் வேண்டும் அன்றோ? எழுத்தை வார்ப்பார் யாவர் என்ற கேள்வி எழுந்தது. கும்பினி எழுத்தராய் வந்து நாட்டு மொழிகளிற் புலமை எய்திய சார்லசு வில்கின்சு என்பாரிடம் அப்பணி ஒப்புவிக்கப்பட்டது. அவர் தமக்குத் துணையாகத் தேர்ந்துகொண்டவரே நம் பஞ்சானனர்.

வில்கின்சு அச்செழுத்து வார்க்கும் முறையைக் கற்பித்தார், பஞ்சானனர் கற்றார். ஒருவர்க்கு நூலறிவும் முறையும் தெரியும். மற்றொருவர்க்கு எஃகின் குணமும் உளியின் போக்கும் கைவந்தவை. இவ்விருவகை அறிவும் கூடியபோதே வங்க எழுத்துப் பிறந்தது. ஜோசப்பு செப்பர்டு என்னும் முத்திரை செதுக்குவாரும் இம்முயற்சியிற் பங்கு கொண்டார் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். கி. பி. 1778-ஆம் ஆண்டு ஊக்ளி நகரில் அவ்விலக்கண நூல் அச்சேறி வெளிவந்தது.

அச்செழுத்துச் செய்யும் வகையை நம் அன்பர்கள் அறிந்தாலன்றிப் பஞ்சானனரின் அருமை விளங்காது. ஆதலின் அதனைச் சுருங்கக் கூறுதும். முதற்கண் மென்பதமான எஃகுக் கோல் ஒன்றின் முனையை அரத்தால் இழைத்துச் சமன் செய்வர். அம்முனையில் எழுத்தின் உருவைக் கண்ணாடியிற் காணுமாறு போல இடவலம் மாற்றி வரைந்துகொள்வர். பின்பு எழுத்தின் கோடு மட்டும் உயர்ந்து நிற்க, அதன் புறத்தும் அகத்தும் உள்ள எஃகைச் சிற்றுளியாலும் நுண்ணரத்தாலும் களைவர். இடையிடையே அம்முனையை விளக்குச் சுடரிற் காட்டிக் கரி படியச் செய்து, தாளில் ஒற்றி வடிவைப் பார்ப்பர். மயிரிழையளவு மிகுதியாகக் களைந்துவிட்டாலும் மீண்டும் ஒட்டவொண்ணாது; வேறு கோல் எடுத்து முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். வடிவு செம்மையுற்றபின் கோலைப் பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் வைத்து உரமேற்றுவர். இதனைத் தாய்முத்திரை எனலாம்.

இத்தாய்முத்திரையைச் செப்புக் கட்டியின்மேல் நிறுத்திச் சம்மட்டியால் அறைய, செம்பில் எழுத்தின் பள்ளம் விழும். அதுவே வார்ப்பச்சு. அதனைக் கைப்பெட்டியின் அடியிற் பொருத்தி, காரீயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்த உருக்கை ஊற்றினால், கண்ணிமைக்கும் போழ்தில் ஓர் எழுத்து வெளிப்படும். ஆண்டிமனி சேர்ப்பது ஈயத்திற்கு வன்மை தருவதோடு, ஆறும்போது உரு சுருங்காமல் விளிம்பு கூர்மையாய் நிற்கவும் ஆகும். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அச்சினுள் களிமண் குழம்பை வார்த்துப் பொம்மை எடுப்பதைக் கண்டவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். அச்சு ஒன்று நன்றாயின் ஆயிரம் பொம்மையும் நன்றாம். அச்சிற் பழுதுண்டாயின் ஆயிரமும் பழுதாம். அதுபோலவே, தாய்முத்திரை வெட்டுவான் கை பிழைத்தால் ஒரு நாட்டின் நூலெல்லாம் பிழைபடும்.

அன்றியும் வங்க எழுத்து நம் தமிழெழுத்தைப் போன்றதன்று. எழுத்துக்களின் தலைமேல் ஒரு நேர்கோடு ஓடும். ஓரெழுத்தின் கோடு அடுத்த எழுத்தின் கோட்டோடு இடைவெளி தோன்றாமல் இணையவேண்டும். மெய்யெழுத்துக்கள் இரண்டும் மூன்றும் பிணைந்து புதிய வடிவு கொள்ளும். உயிர்க்குறிகள் மேலும் கீழும் பக்கத்தும் நிற்கும். ஆதலின் இருபத்தாறு எழுத்து வெட்டியவுடன் ஆங்கிலேயன் சிற்றெழுத்து முடிந்ததென்று அமர்வது போல் வங்கத்துக் கொல்லன் அமரவியலாது. நூற்றுக்கணக்கான தாய்முத்திரைகளை ஒரே அளவும் ஒரே சாயலும் தோன்ற வெட்டுதல் வேண்டும். இதனைச் செய்தற்குக் கைத்திறம் மட்டும் போதாது. அளவறிவும், மொழியறிவும், மாதக்கணக்கில் தளராத பொறுமையும் வேண்டும்.

இத்துணைப் பணி செய்தும், அவ்விலக்கண நூலின் முகவுரையில் வில்கின்சின் பெயரே புகழப்பட்டது. உலோகம் உருக்கியது, வெட்டியது, வார்த்தது, அச்சிட்டது ஆகிய அனைத்தும் அவர் ஒருவர் செயலாகவே அங்கே கூறப்பட்டன. பஞ்சானனர் பெயர் அங்கு இல்லை. அவர் வார்த்த எழுத்தாலேயே அவர் பெயரின்றி அந்நூல் வெளிவந்தது. நாம் இதனைக் கூறியபோது பட்டறைப் பெரியவர் தலையை மெல்ல அசைத்தனர். தாம் செய்த கதவுக்கு வேறொருவர் பெயர் பெறுவதை அவரும் கண்டிருப்பாரன்றோ?

ஆயினும் பஞ்சானனர் உளியைக் கீழே வைத்துவிடவில்லை. வில்கின்சின் மேற்பார்வையிற் கும்பினி அச்சுக்கூடம் அமைந்தபோது அவரும் அங்கே பணியாற்றினர். 1786-இல் வில்கின்சு தம் நாடு திரும்பினர். முறை கற்பித்தவர் சென்றபின்னும் தொழில் நிற்கவில்லை. அது பஞ்சானனர் கையில் இருந்தது. முதலில் வெட்டிய எழுத்தின் குறைகளைத் தாமே கண்டு, அதனினும் சிறிதும் செவ்விதுமான எழுத்துக்களைப் பின்னர் வெட்டினர். காரன்வாலிசு பிரபுவின் சட்டத்தொகுதி 1793-இல் வங்கமொழியில் வெளிவந்தபோது அத்தகைய திருந்திய எழுத்துக்களே அதற்குப் பயன்பட்டன. தம் கைப்பணியில் தாமே குற்றங் காண்பவனே வித்துவான் ஆவான். பிறர் புகழ்ந்த அளவில் நின்றுவிடுபவன் கூலியாளே ஆவான்.

அதே 1793-ஆம் ஆண்டில் வில்லியம் கேரி என்பார் வங்கத்திற்கு வந்தனர். இவர் இளமையிற் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். தம் முயற்சியாற் பல மொழி கற்றவர். இவரோடு சேர்ந்த வில்லியம் வார்டு அச்சுத்தொழில் பயின்றவர். ஜோசுவா மார்சுமன் பள்ளியாசிரியர். கும்பினியார் தம் எல்லையிற் பாதிரிமார்க்கு இடங்கொடாமையால், இம்மூவரும் தேனிசுகாரர் ஆட்சியிலிருந்த சீராம்பூரில் 1800-இல் குடியேறி அச்சுக்கூடம் நிறுவினர். நம் தரங்கம்பாடியை ஆண்ட தேனிசுகாரரே சீராம்பூரையும் ஆண்டனர். 1845-இல் இவ்விரண்டையும் ஒருங்கே ஆங்கிலேயர்க்கு விற்றனர் என்பது நினைக்கத்தக்கது. இந்தியாவின் அச்சுக்கலை தெற்கே ஒரு தேனிசு ஊரிலும் வடக்கே ஒரு தேனிசு ஊரிலும் தழைத்தது வியப்பே.

அச்சுப்பொறி கிடைத்தது, அச்சிடுவாரும் இருந்தனர். எழுத்து வேண்டுமே! இலண்டன் வார்ப்படக்காரரிடம் எழுத்துப் பெறுவதென்றால் பெரும்பொருள் செலவாகும்; கடலைக் கடந்து வர நெடுங்காலமும் ஆகும். கேரி பஞ்சானனரை நாடினர். அவர் சீராம்பூர் சேர்ந்ததும், அங்கே எழுத்து வார்க்கும் பட்டறை உயிர்பெற்றது. 1801-இல் கிறித்தவர்களின் புதிய ஏற்பாடு வங்கமொழியில் அச்சேறிற்று. அதே ஆண்டில் இராமராம வசு எழுதிய பிரதாபாதித்திய மன்னர் வரலாறு என்னும் வங்க உரைநடை நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு முதலாகக் கிருத்திவாசரின் இராமாயணமும் காசிராமதாசரின் பாரதமும் வெளிவந்தன. ஏடு எழுதுவோர்க்குப் பொருள் கொடுக்கமாட்டாத ஏழைக்கும் தன் மொழியின் இராமாயணம் கைக்கெட்டும் வழி திறந்தது. பாதிரிமார் தம் சமயம் பரப்பவே அச்சுக்கூடம் வைத்தனர் என்பது உண்மை; ஆனால் கொல்லர் வார்த்த எழுத்து எல்லார்க்கும் பொதுவாயிற்று. எழுத்துக்குச் சமயமும் இல்லை, சாதியும் இல்லை.

அடுத்து, வடமொழிக்கு நாகரி எழுத்து வேண்டியதாயிற்று. கேரி எழுதிய வடமொழி இலக்கணத்தின் பொருட்டுப் பஞ்சானனர் 1803-ஐ ஒட்டி நாகரி எழுத்துக்களை வெட்டினர். கூட்டெழுத்துக்கள் உட்பட எழுநூறு அளவில் வடிவங்கள் தேவைப்பட்டன. ஒரு மொழியின் எழுத்தை வெட்டிப் பழகிய கை, அகவை முதிர்ந்த காலத்தில் மற்றொரு மொழியின் எழுத்தை முதலிலிருந்து கற்றது. இது முடிந்த சிறிது காலத்திற்குள், 1804-ஆம் ஆண்டளவில், அவர் இறைவன் திருவடி எய்தினர்.

அன்பர்களே, அவர் செய்தவற்றுள் தலையாயது யாது? வங்க எழுத்தோ, நாகரி எழுத்தோ என்று ஐயுற வேண்டா. தம் மருகராகிய மனோகர கர்மகாரர்க்குத் தம் வித்தையை ஒளியாமற் கற்பித்ததே தலையாயது என்பது நம் கருத்து. நம்மவருள் எத்தனையோ நுண்தொழில்கள் தந்தை மகனுக்கும் சொல்லாமல் மறைத்தமையாலேயே மடிந்தன. பஞ்சானனர் அங்ஙனம் செய்யவில்லை. மனோகரர் நாற்பதாண்டு அளவும் சீராம்பூர்ப் பட்டறையில் இருந்து, மேன்மேலும் பல மொழிகளுக்கு எழுத்து வெட்டினர். சீன மொழிக்கும் அங்கே உலோக எழுத்து வெட்டப்பட்டது. 1832 வரையில் சீராம்பூரில் நாற்பது மொழிகளில் 2,12,000 நூற்படிகள் அச்சேறின என்பர்.

இவ்வித்தையின் உறுதியை ஒரு பெருந்தீ காட்டிற்று. 1812-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் மாலை, சீராம்பூர் அச்சுக்கூடத்தில் தீப்பற்றிற்று. தாளும், கையெழுத்து ஏடுகளும், கேரி பல்லாண்டு உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதியும் சாம்பராயின. வார்த்து அடுக்கிய ஈய எழுத்துக்கள் உருகி ஓடிக் கட்டியாயின. ஆனால் இடிபாட்டைக் கிளறியபோது, எஃகுத் தாய்முத்திரைகளும் செப்பு வார்ப்பச்சுக்களும் பழுதின்றிக் கிடைத்தன. உருகிக் கிடந்த ஈயத்தையே மீண்டும் காய்ச்சி, அவ்வச்சுக்களில் உடனே எழுத்து வார்க்கத் தொடங்கினர்; சில திங்களில் பல மொழி அச்சுவேலை மீண்டும் நடந்தது. பஞ்சானனர் மறைந்து எட்டாண்டு ஆகியிருந்தது. ஏட்டில் எழுதியது எரிந்தது. எஃகில் வெட்டியது நின்றது. எஃகை வெட்டக் கற்ற கைகளும் இருந்தன. இம்மூன்றனுள் பின்னிரண்டு இருந்தமையாலேயே முதலதும் மீண்டது.

இன்னொன்றும் கூறவேண்டும். பஞ்சானனர் பெயரை முதல் நூலின் முகவுரை மறைத்தது. ஆனால் மனோகரர் குடும்பத்தார் சீராம்பூரில் தமக்கெனச் சொந்த அச்சகம் நிறுவிப் பஞ்சாங்கம் முதலியன வெளியிட்டனர். பிறர் நூலுக்கு எழுத்து வார்த்த குடி, தன் பெயரிலேயே நூல் வெளியிடும் குடியாயிற்று. முதல் தலைமுறை தொழில் கற்றது. அடுத்த தலைமுறை தொழிலோடு கணக்கும் வாணிகமும் கற்றது. பெயர் வேண்டுமாயின் தொழிலை விடுதல் வழியன்று. தொழிலோடு மற்றவற்றையும் சேர்த்துக் கற்பதே வழி.

ஈய எழுத்தைக் கோத்து அச்சிடும் காலம் கழிந்துவிட்டது. இவ்வேடும் கணிப்பொறியில் எழுத்தடுக்கி அச்சேறுவதே. அவ்வாறாயின் பஞ்சானனர் தொழில் மாண்டதோ எனின், மாளவில்லை; வேறு உருக்கொண்டது. நாம் உண்ணும் எவர்சில்வர் தட்டும், பருகும் குவளையும், மோட்டார் வண்டியின் கதவும், கைப்பேசியின் உறையும் எஃகு அச்சினாலேயே உருப்பெறுகின்றன. அவ்வச்சை வெட்டுபவன் பஞ்சானனரின் வழித்தோன்றலே. அரத்தோடு கணிப்பொறியும் அவனுக்குக் கருவியாயிற்று. அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பயிற்சி ஓராண்டு. பிட்டர், டர்னர், அச்சுக்கருவி செய்வோர் பயிற்சி ஈராண்டு. ஈராண்டுப் பயிற்சி முடித்தோர் தொழிற்சாலையில் அப்ரண்டிசாகப் பழகலாம். பாலிடெக்னிக்கில் மேற்படிப்புத் தொடரவும் வழியுண்டு. அங்கே பயில்வோன் வரைபடம் படிக்கவேண்டும். மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கை அளக்கவேண்டும். உலோகத்தின் இயல்பை நூல்வழி அறியவேண்டும். இஃது எழுத்தில்லாத தொழில் என்று எவர் கூறவல்லார்?

பட்டறைத் தொழிலின் துன்பத்தை நாம் மறைக்கவில்லை. கண்ணாடி அணியாமற் பற்றவைத்துக் கண்ணொளி குன்றினாரையும், கையுறையின்றிக் கை வெந்தாரையும், செய்த வேலைக்குக் கூலி வாராமல் நடையாய் நடந்தாரையும் நாம் கண்டிருக்கின்றோம். பெற்றோர் அஞ்சுவது நேர்மையே. ஆனால் அத்துன்பம் தொழிலின் குற்றமன்று. காப்பின்றியும் கணக்கின்றியும் அதனைச் செய்யும் முறையின் குற்றம். முறையாகக் கற்பவன் முதலிற் கற்பது தன் கண்ணையும் கையையும் காப்பதே. மேலும், இத்தொழில் குருதிவழி வருவதன்று. எழுத்தராய் வந்த வில்கின்சும் பயின்று கற்றார். கொல்லராய்ப் பிறந்த பஞ்சானனரும் பயின்றே கற்றார். நம் பிள்ளைகட்குப் பிறப்பால் வரும் பேறு உண்டெனின், உலையின் ஒளியில் எஃகின் நிறத்தைச் சிறுவயதிலேயே கண்டு பழகுவது ஒன்றே. மற்றவை உழைப்பால் வருவன.

இவ்வளவும் கேட்டபின் பட்டறைப் பெரியவர் நெடுநேரம் வாளா இருந்தனர். பின்பு நம் மேசைமேற் கிடந்த பழைய தமிழ் நூல் ஒன்றை எடுத்து, ஈய எழுத்து அழுந்திய தடத்தைத் தாளின் பின்புறம் விரலால் தடவிப் பார்த்தனர். எழுதப் படிக்கச் சற்றே அறிந்த அவர் அதனைப் படிக்கவில்லை; தொட்டு அறிந்தனர். எந்தப் பதமுள்ள எஃகை முதலில் எடுப்பர் என்று மகனை வினவினர். அவன் விடை தவறாயிருந்தது. அவரே திருத்தினர். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே படியிறங்கிச் சென்றனர். பையன் விண்ணப்பத்தில் தந்தையார் கையெழுத்து இட்டதாகப் பின்னர் அறிந்தோம்.

நாம் நாள்தோறும் பள்ளியில் எழுத்துக் கற்பிக்கின்றோம். நம் தந்தையாரின் சம்மட்டி வீட்டின் மூலையில் துருவேறிக் கிடந்தது. அன்றிரவு அதனைத் துடைத்து எண்ணெய் பூசி நம் புத்தக அலமாரியில் வைத்தோம். அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பிள்ளை உளியை விரும்பினால் நாணற்க. ஏட்டை விரும்பினாலும் தடுக்கற்க. இரண்டையும் ஒருங்கே விரும்பினால் பஞ்சானனர் வழியை அவனுக்குக் காட்டுக.

வாழ்க எழுத்து! வாழ்க அதனை வார்த்த கை!